குப்பைக்கு உரியவர் யார்?

விடியற்காலை. தெருமுனையிலே ஊதல் ஒலி கேட்கின்றது. தூய்மைப் பணியாளரின் தள்ளுவண்டி வருகின்றது. ஒரு வீட்டின் கதவு திறக்கின்றது. நீராடி, நெற்றியில் நீறு பூசி, தூய ஆடை உடுத்த பெரியவர் ஒருவர், இரு விரல்களால் ஒரு பையைத் தூக்கியவாறு வெளியே வருகின்றார். அந்தப் பைக்குள்ளே நேற்றைய சோறு இருக்கின்றது. உடைந்த கண்ணாடிக் குவளை இருக்கின்றது. தீர்ந்துபோன பேட்டரி இருக்கின்றது. நோயாளிக்குப் போட்ட ஊசி இருக்கின்றது. வாழைப்பழத் தோலும் பால் உறையும் பழைய செய்தித்தாளும் பிசைந்து கிடக்கின்றன. “கோலத்தை மிதித்துவிடாதே!” என்று ஓர் எச்சரிக்கை. பிறகு, கைமேல் கை படாதவாறு பையை நழுவவிடும் நுட்பம்! கதவு மூடிக்கொள்கின்றது. உள்ளே சென்றவர் சோப்புப் போட்டுக் கை கழுவுகின்றார். வெளியே நிற்பவரோ, அந்தப் பையை வெறுங்கையால் பிரிக்கின்றார்.

வாசலிலே கோலம், வாய்க்காலிலே குப்பை! இல்லத்திலே தூய்மை, வீதியிலே நாற்றம்! இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது சுவர் அன்று, தோழர்களே! ஒரு மனிதரின் கை. அந்தக் கையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

“குப்பையைப் பற்றியா ஒரு கட்டுரை? கொள்கை பேச வேண்டிய ஏட்டிலே கூடையும் துடைப்பமும் எதற்கு?” என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச் சுளிப்புத்தான் நம் ஆராய்ச்சிக்குரிய முதற்பொருள். சோற்றைப் பற்றிப் பேசலாம், சுவையைப் பற்றிப் பேசலாம். அந்தச் சோற்றின் மிச்சத்தைப் பற்றி மட்டும் பேசலாகாது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? யார் விதைத்தது? யாருக்கு அதனால் இலாபம்?

முதலிலே சட்டம் சொல்வதைக் காண்போம். நகரங்களின் குப்பைச் சீர்கேட்டை எதிர்த்து 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் விளைவாக 2000ஆம் ஆண்டிலே நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. அவற்றிற்குப் பதிலாக 2016 ஏப்ரலில் விரிவான புதிய விதிகள் வெளியாயின. வீட்டில் வாழ்வோர் ஒவ்வொருவருக்கும் அவ்விதிகள் கடமைகளை வகுத்தன. மக்கும் குப்பை ஒரு கலத்தில். மக்காத குப்பை ஒரு கலத்தில். பேட்டரி, குழல்விளக்கு, காலாவதியான மருந்து போன்ற கேடு பயக்கும் பொருள்கள் வேறொரு கலத்தில். நாப்கின், டயாப்பர் ஆகியவற்றைப் பாதுகாப்பாகச் சுற்றித் தர வேண்டும். தோட்டத்துச் சருகையும் கிளையையும் தம் மனையிலேயே தனியே சேர்த்துவைத்து, உள்ளாட்சி சொல்லும் வழியிலே அகற்ற வேண்டும். தெருவிலோ, வடிகாலிலோ, நீர்நிலையிலோ எறிதல் கூடாது, கொளுத்துதல் கூடாது, புதைத்தலும் கூடாது.

இவ்வளவுதான் விதி. படிக்காதவருக்கும் புரியும், பத்து வயதுச் சிறுவனும் செய்வான். ஆயினும், பட்டம் பெற்றவர் வாழும் தெருக்களிலேகூட இது பெரிதும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வந்திருக்கின்றது. ஏன்? அறியாமை என்று சொல்லிவிட முடியுமா? உரூபாய்த் தாளையும் சில்லறையையும் பிரித்து வைக்கத் தெரிந்தவருக்கு, பட்டுப்புடவையையும் பருத்திப் புடவையையும் வேறு வேறாக அடுக்கத் தெரிந்தவருக்கு, வாழைத்தோலையும் பால் உறையையும் பிரிக்கத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. காரணம் அறியாமை அன்று, ஆணவம். அதற்கும் அடியிலே ஊறிக் கிடப்பது தீட்டு என்னும் மூடநம்பிக்கை.

தீட்டு என்பதையும் தூய்மை என்பதையும் ஒன்றெனக் கருதி ஏமாந்தோர் பலர். இரண்டும் ஒன்றல்ல. தூய்மை அறிவியலின் வழி வந்தது, கிருமியைக் கணக்கிடும். தீட்டு சாத்திரத்தின் வழி வந்தது, பிறப்பைக் கணக்கிடும். தூய்மை, “கையைக் கழுவு” என்கிறது. கழுவினால் போதும், யார் கையாயினும் ஒன்றுதான். தீட்டோ, “அவன் கையைத் தொடாதே” என்கிறது. அவன் ஆயிரம் முறை கழுவினாலும் போதாது! தூய்மையை நாடுபவன் அழுக்கை ஒழிக்கப் பார்க்கின்றான். தீட்டை நம்புபவன் அழுக்கைத் தன் வாயிற்படியைத் தாண்டித் தள்ளிவிட்டு, அதை அள்ளுவதற்கென்று ஒரு கூட்டத்தைப் பிறப்பிலேயே குறித்து வைக்கின்றான். ஆகவேதான், உலகிலேயே மிகுதியாகத் தீர்த்தம் தெளிக்கும் நாட்டிலே, தெருவோரச் சாக்கடை இவ்வளவு நாறுகின்றது!

ஆயுத பூசை முடிந்த மறுநாள் கடைவீதியிலே நடந்து பாருங்கள். கண்ணேறு கழிக்கின்றோம் என்று நடுச்சாலையிலே உடைத்த பூசணிக்காய், அதன்மீது வழுக்கி விழும் இருசக்கர வண்டிக்காரர், வாடிய வாழைக்கன்றுகள், மாலைக் குவியல். கடைக்காரரின் கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, வழிப்போக்கரின் கால் எலும்பு கழன்றது! அந்தக் குவியலை அள்ளுபவர் எந்தப் பூசைக்கும் அழைக்கப்பட்டவரல்லர்.

பழையன கழிதல் என்று போகியன்று டயரைக் கொளுத்துகின்றோம். 2018ஆம் ஆண்டு சனவரி 13 அன்று, போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை வானை மூடியமையால் விமானப் போக்குவரத்தே தடைபட்டது. விமானம் இறங்க இயலாத அந்தக் காற்றைத்தான் தொட்டிலிலே கிடந்த குழந்தையும் மூச்சாக இழுத்தது. கழிய வேண்டிய பழமை டயரிலா இருக்கின்றது? பொங்கல் தமிழர் திருநாள், உழைப்பின் திருநாள். அதன் முன்னாளை நஞ்சு கக்கும் நாளாக்குவது எந்தத் தமிழ்ப் பண்பு?

தோட்டத்துச் சருகின் கதையும் இதுவே. “இலைதானே, ஒரு தீக்குச்சி போதும்” என்கின்றோம். நம் பாட்டன் அப்படிச் சொல்லவில்லை. அவன் வீட்டின் பின்னே எருக்குழி இருந்தது. சருகும் சாம்பலும் சாணமும் அதிலே சேர்ந்து மட்கின; கோடையிலே வண்டி கட்டி வயலுக்குக் குப்பை அடித்தான். ஆம், குப்பை என்ற சொல்லுக்கு அவன் அகராதியிலே உரம் என்று பொருள்! நகரத்துக்கு வந்த பேரன் நிலத்தை இழந்தான், எருக்குழியை மறந்தான், குப்பை என்ற சொல் மட்டும் வசையாக மீந்தது. இன்றும், கொல்லையிலே ஒரு மூலை இருந்தால் போதும். காய்ந்த இலை ஓர் அடுக்கு, சமையற்கட்டுக் கழிவு ஓர் அடுக்கு. இடையிடையே கிளறிக் காற்றுப்புகச் செய்து, ஈரம் குன்றாமல் காத்தால், சில திங்களில் கறுத்த உரமாகிவிடும். மந்திரம் வேண்டியதில்லை, நுண்ணுயிர் வேலை செய்யும். கொல்லை இல்லாதார் தனியே கட்டி வைத்தால், அதை உள்ளாட்சியின் உரக்கூடம் ஏற்றுக்கொள்ளும்.

பிரிக்காமற் கொட்டினால் என்ன ஆகும்? சென்னை நகரம் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை ஈனுகின்றது. பல பத்தாண்டுகளாக அது வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் மலையெனக் குவிந்தது. பெருங்குடிக் குவியல், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே விழுங்கியது. சோறும் காயும் காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் வளி பிறக்கும்; அது தீப்பிடிக்கும். ஊறி வழியும் கசிவுநீர் நிலத்தடி நீரிலே கலக்கும். ஈரம் பட்ட தாள் விலைபோகாது. கறிக்குழம்பு தோய்ந்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு எடுப்பாரில்லை. தனித்தனியே இருந்தால் ஒன்று உரம், மற்றொன்று மூலப்பொருள். சேர்ந்துவிட்டால் இரண்டும் நஞ்சு! அந்த மலையடியிலே மூச்சுத் திணறி வாழ்பவர் யார்? குப்பையை மிகுதியாக ஈன்ற மாளிகைவாசிகளா? அல்லர். குறைவாக நுகர்ந்து, குறைவாக எறிந்த ஏழை மக்கள். ஈன்றவர் ஒருவர்; ஏந்துபவர் இன்னொருவர். இதுவன்றோ அநீதி!

பாரிசு நகருக்குச் செல்வோம். 1883ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், அந்நகர்ப் பகுதியின் ஆட்சித்தலைவராக இருந்த யூசேன் பூபெல் என்பவர் ஓர் ஆணை பிறப்பித்தார். வீட்டுடைமையாளர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள குப்பைக் கலம் தரவேண்டும். அழுகும் பொருள் ஒன்றில், தாளும் துணியும் ஒன்றில், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு ஆகியன ஒன்றில் என மூவகையாகப் பிரிக்க வேண்டும் என்றார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே! செல்வர் சினந்தனர், ஏளனம் செய்தனர். கந்தல் பொறுக்கி வாழ்ந்த ஏழைகளும், தம் பிழைப்புப் போகுமே என்று அஞ்சி எதிர்த்தனர். அவ்வச்சம் நியாயமானது, சீர்திருத்தம் செய்வோர் ஏழையின் சோற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாளடைவிலே அந்த ஆணை நிலைத்தது. இன்று பிரெஞ்சு மொழியிலே குப்பைத்தொட்டிக்குப் பெயரே பூபெல்தான். ஓர் ஆட்சித்தலைவரின் பெயரைக் குப்பைத்தொட்டி தாங்கியது. அதனால் அவர் இழிந்துவிடவில்லை. இங்கோ, குப்பையைத் தொட்டவரின் பெயர், அவர் பிள்ளையின் பள்ளிப் பதிவேடு வரை துரத்தி வந்து இழிவு சேர்க்கின்றது!

“வரி கட்டுகிறேன், அவருக்குச் சம்பளம் தருகிறார்கள், பிறகென்ன?” என்பார் நம் பெரியவர். வாதம் வலிமையுடையதுபோல் தோன்றும், உரசிப் பார்ப்போம். மருத்துவருக்குக் கட்டணம் தருகின்றோம். அதற்காக அவர் கையிலே கண்ணாடிச் சில்லை வைத்து அழுத்துகின்றோமா? அஞ்சற்காரருக்கும் ஊதியம் உண்டு. அவர் பையிலே அழுகிய மீனைப் போடுகின்றோமா? ஊதியம் உழைப்பை வாங்கும், உயிரை வாங்காது, மானத்தை வாங்கவே வாங்காது. குப்பையை எடுத்துச் செல்வது அவர் ஏற்ற பணி. நம் எச்சிலைக் கிளறி, சோற்றிலிருந்து ஊசியைப் பொறுக்கி எடுப்பது அவர் ஏற்ற பணியன்று. நாம் அவர்மீது சுமத்திய கொடுமை. சாதியை வெறும் வேலைப் பங்கீடு என்று பூசி மெழுகியோரை, அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே மறுத்தார். பிரிக்கப்பட்டவை வேலைகள் மட்டுமல்ல, உழைப்போரே மேல் கீழாக அடுக்கப்பட்டனர் என்று எடுத்துக்காட்டினார். நம் தெருவிலே இன்றும் அந்த அடுக்கின் கடைசிப் படி, தள்ளுவண்டியின் பின்னேதான் நிற்கின்றது.

“எந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும்” என்பர் வேறு சிலர். எந்திரம் வரட்டும், வரவேற்போம். ஆனால் அமெரிக்காவின் மெம்பிசு நகரிலே 1968 பிப்ரவரி 1 அன்று நடந்ததை மறவாதீர். மழைக்கு ஒதுங்க வேறிடமின்றி, குப்பை வண்டியின் பின்புறத்திலே நின்ற எக்கோல் கோல், இராபர்ட் வாக்கர் என்னும் இரு கறுப்பினத் தொழிலாளரை, அந்த வண்டியின் அழுத்தும் எந்திரமே நசுக்கிக் கொன்றது. எந்திரம் இருந்தது, மதிப்பு இல்லை! ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் கேட்டனர். சங்க உரிமையும் கேட்டனர். ஆயினும் அவர்கள் ஏந்திய அட்டையிலே எழுதப்பட்டிருந்தது “நான் ஒரு மனிதன்” என்பதே. அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குப்பை அள்ளுவோரின் மானத்துக்காக ஒரு மாமனிதன் உயிர் கொடுத்தான். நம்மை உயிர் கேட்கவில்லை, தோழர்களே! இரண்டு தொட்டி வைக்கத்தான் கேட்கின்றார்கள்.

இனி, என் தவற்றைச் சொல்கின்றேன். நான் பள்ளி ஆசிரியன். மதிய உணவுக்குப் பின் வகுப்பறைக் குப்பையைப் பிரித்துப் போட, மாணவர்க்கு வரிசை எண்படி முறை வகுத்தேன். சாதி பாராமல், செல்வம் பாராமல் எல்லாருக்கும் ஒரே முறை. சமத்துவத்தைச் செயலிலே காட்டிவிட்டேன் என்று உள்ளூரப் பெருமை! ஒரு வாரத்துக்குள் இரு தந்தையர் வந்தனர். முதலில் வந்தவர் கடைவீதிக்காரர். “என்ன வாத்தியாரே! என் மகன் குப்பை அள்ளவா பள்ளிக்கூடம் வருகிறான்?” என்று சீறினார். அவருக்குச் சுடச்சுட விடை கூறி அனுப்பினேன். மறுநாள் வந்தவர் தூய்மைப் பணியாளர். வாயிலிலேயே நின்றார், உள்ளே வாருங்கள் என்று இருமுறை அழைத்த பின்னரே வந்தார். மெல்லிய குரலிலே அவரும் அதையே கேட்டார்: “சார், என் மகன் குப்பை அள்ளவா பள்ளிக்கூடம் வருகிறான்?”

அதே சொற்கள்! ஆனால் முதல்வரின் வாயிலே அது ஆணவம். இவருடைய வாயிலே அது தன்மானம். தலைமுறை தலைமுறையாகத் தம் கையிலே திணிக்கப்பட்டதைத் தம் மகன் கையிலாவது காணாதிருக்க, அவர் பள்ளியை நம்பினார். அந்தப் பள்ளியிலே, பிற பிள்ளைகள் தின்றெறிந்ததை அவர் மகன் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான், என் சமத்துவத்தின் பெயரால்! ஏற்றத்தாழ்வான தரையிலே ஒரே அளவான படியை வைத்தால் சமமாகிவிடுமா? என் நாக்கு எழவில்லை.

இரவெல்லாம் எண்ணினேன். மறுநாள் முறையை மாற்றினேன். பிறர் குப்பையை அள்ளும் முறை எவருக்கும் இல்லை. உண்டவர், தாம் உண்ட மிச்சத்தைத் தாமே உரிய தொட்டியில் இடவேண்டும். கிழித்தவர், தாம் கிழித்த தாளைத் தாமே எடுக்கவேண்டும். ஆசிரியனாகிய நானும் அப்படியே. அவரைச் சந்தித்துச் சொன்னேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். “அவனவன் குப்பையை அவனவன் என்றால் சரி, சார்” என்றார்.

நூல்கள் பல புகட்டாத அறத்தை அந்த ஒரு சொற்றொடர் எனக்குப் புகட்டியது. விதிகள் வேண்டுவதும் இதனைத்தானே! பிறக்கும் இடத்திலேயே பிரித்தல் என்பதன் பொருள், அவரவர் குப்பைக்கு அவரவர் பொறுப்பு என்பதன்றி வேறென்ன? குப்பைக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு விடை அதுவே. ஆக்கியவர்க்கே அது உரியது. வாயிற்படி தாண்டினால் உரிமை மாறாது; பொறுப்பும் தீராது.

இன்னொரு படியும் உண்டு. “உங்கள் வீட்டிலே குப்பை பிரிப்பவர் யார்?” என்று வகுப்பிலே கேட்டேன். “அம்மா”, “அம்மா”, “அக்கா” என்றே விடைகள் வந்தன. என் வீட்டு விடையும் அதுவாகவே இருந்தது என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். தெருவிலே தள்ளுவண்டிக்காரரின் மானம் பேசும் ஆண்மகன், அடுக்களையிலே அந்தச் சுமையை முழுவதும் மனைவி தலையிலும் தாய் தலையிலும் ஏற்றுவானேல், அது சீர்திருத்தம் அன்று. சுமையை இடம் மாற்றிய தந்திரம். பெண் விடுதலை பேசிய இயக்கத்து இளைஞர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கூடையிலே கை வைக்க ஆணுக்கும் இரண்டு கைகள் உண்டு.

கடமை குடிமக்களுக்கு மட்டுமா? அல்ல. “பிரித்துக் கொடுத்தாலும் ஒரே வண்டியிலே கொட்டுகிறார்களே!” என்னும் முறையீடு பல ஊர்களிலும் எழுவது, நியாயமானதே. அதற்கு விடை, நாம் பிரிப்பதை நிறுத்துவது அன்று, தட்டிக் கேட்பது. தன் கடமையைச் செய்தவனுக்கே தட்டிக் கேட்கும் தகுதி உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளே, பணியாளர்க்குச் சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழையங்கி, காலணி, முகமூடி ஆகியவை கிடைக்கச் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்றன. நம் தெருவுக்கு வருபவர் கையிலே உறை உண்டா? காலிலே செருப்பு உண்டா? மாளிகைத் தெருவுக்கு நாள்தோறும் வரும் வண்டி, குடிசைப் பகுதிக்கும் வருகின்றதா? வண்டி அனுப்பாமல் விதியை மட்டும் அனுப்புவது ஆட்சியன்று, அடக்குமுறை!

2015 திசம்பர் வெள்ளத்திலே சென்னை சேற்றில் அமிழ்ந்தபோது, பிற மாவட்டங்களிலிருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர் வந்து நகரை மீட்டனர். கொரோனாக் காலத்திலே நாமெல்லாம் கதவடைத்து இருந்தபோது, அவர்கள் தெருவிலே நின்றனர். கை தட்டினோம், மாலை சூட்டினோம். 2020ஆம் ஆண்டிலே, துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. நல்லது. ஆனால் 2025 ஆகஸ்டில் அதே பணியாளர், இரு மண்டலங்களின் பணி தனியாரிடம் தரப்பட்டதை எதிர்த்து, ரிப்பன் மாளிகையின் முன் 13 நாள் அமர்ந்து போராடினர். இறுதியில் இரவோடிரவாக அப்புறப்படுத்தப்பட்டனர். சட்டத்தின் வாதங்கள் எவ்வாறாயினும் ஆகுக. பெயரிலே மதிப்பேற்றிவிட்டு, வாழ்விலே உறுதியளிக்காமல் விடுவது, வெறும் இலையிலே வாழ்த்துரை பரிமாறுவதாகும். பசி அடங்குமா?

ஆகவே, இளைஞனே! உன்னிடம் பெரும் வீரம் எதையும் வேண்டவில்லை. நாளைக் காலை ஊதல் ஒலி கேட்கும் முன்பே எழு. உன் வீட்டுக் குப்பையை உன் கையால் பிரி, அம்மாவிடம் விடாதே. உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதி வை. ஊசியையும் பேட்டரியையும் தனியே கட்டு. சருகைக் கொளுத்தாதே, குழியில் இடு. வண்டி வந்ததும் நீயே வெளியே செல். வருபவர் மூத்தவராயின் “அண்ணா”, “அக்கா” என்று அழை. பையை நழுவவிடாதே, கையிலே கொடு. கையுறை இல்லையெனில், ஏன் இல்லை என்று நகராட்சிக்கு அன்றே எழுது.

உன் கையிலே சிறிது அழுக்குப் படும். படட்டும்! அது சோப்புப் போட்டால் போய்விடும் அழுக்கு. பிறர் கையிலே அதைத் தள்ளிவிட்டு வாழ்வோரின் உள்ளத்திலே படிந்த அழுக்குக்கு, எந்த ஆற்றிலும் தண்ணீர் இல்லை.